தலைவர் வாடிப்பட்டி போன கதை

நண்பர் அருள்பாண்டி கொடுத்த டி-ஷர்ட்டை ஜனகராஜ் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

மஞ்சள் நிறம். முன்பக்கம் ஒரு சைக்கிள் படம். அதன் கீழே 'பிள்ளைகளுக்காக மிதிப்போம்'. அதுவரை பரவாயில்லை. பின்பக்கத்தில், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை, கொட்டை எழுத்தில் 'அணித் தலைவர்' என்று அச்சடித்திருந்தார்கள்.

"எப்புடி தலைவரே? அளவு சரியா இருக்கும்ல?" என்றார் அருள்பாண்டி.

"மாப்ள, நான் அன்னைக்கே சொன்னேன்ல. கூட ஒரு வேன் வரும்ல, அதுல தண்ணி, வாழைப்பழம் எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்னு."

"நீ வேன்ல வந்தா நாங்க யாரை நம்பி மிதிக்கிறது? காலேஜ் படிக்கையில தெனமும் அழகர்கோவிலுக்குச் சைக்கிள்லயே போய்ட்டு வந்த ஆளு நீ. எனக்கும் சாய்பிரசாத்துக்கும் பஞ்சர் கடை வரைக்கும் போனாலே மூச்சு வாங்குது."

ஜனகராஜ் டி-ஷர்ட்டை மடித்தார். பிறகு விரித்தார். மறுபடி மடித்தார். மடித்தாலும் 'தலைவர்' மட்டும் மேலே தெரிந்தது.

அழகர்கோவில் என்ன, தெருமுனை வரைக்கும்கூட அவர் சைக்கிளில் போனதில்லை. நாற்பத்தைந்து வயதாகிறது, இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் உடம்பு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மனைவி லலிதாம்பாள் ஸ்கூட்டி ஓட்ட, அவர் பின்னால் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்து வந்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஜாக்கெட் துணியும் லைனிங்கும் விற்கும் அவருடைய மேட்சிங் சென்டரில் இறங்குவார். "ஏன்ப்பா, நீ ஒரு வண்டி வாங்கக் கூடாதா?" என்று டீக்கடையில் யாரோ கேட்டபோது, "சைக்கிள்லயே வளந்த ஒடம்பு. பெட்ரோல் வண்டி மேல மனசு ஒட்ட மாட்டேங்குது" என்று ஆரம்பித்து அழகர்கோவில் வரை போய்விட்டார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்காகச் சொன்ன பொய். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்துவிட்டு, இப்போது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

விஷயம் இதுதான். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், நடக்க முடியாத பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு வேன் அதற்கு வேண்டும். அருள்பாண்டியின் யோசனை, நண்பர்கள் மூவரும் ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டி வரை சைக்கிள் மிதிப்பது. தெரிந்தவர்களிடமெல்லாம் அதற்காக நன்கொடை கேட்பது.

வேண்டாம் என்று ஜனகராஜால் சொல்ல முடியாது. அவர் கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் முனியாயியின் மகள் முத்துமீனா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். தினமும் காலையில் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு முனியாயி வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறுவதை அவர் கடை வாசலில் நின்று பார்ப்பார். முத்துமீனா இப்போது அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

"அண்ணே, வேன் வந்துரும்லண்ணே?" என்று அன்றைக்கும் கேட்டாள் முனியாயி.

"வராம எங்க போகும்?" என்றார் ஜனகராஜ். சொன்ன பிறகு தண்ணீர் குடித்தார்.

மறுநாள் அவர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியபடி டீக்கடைக்கு வந்தார். "மூட்டு வலி மாப்ள. இனிமே சைக்கிளைத் தொடக்கூடாது போலருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. என் மனசு பூரா உங்ககூடத்தான் இருக்கும்."

கண்ணாடிக்கடை வைத்திருக்கும் சாய்பிரசாத் பதறிப்போனார். அவருடைய மச்சினன் பிசியோதெரபிஸ்ட். அடுத்த கால்மணி நேரத்தில் ஜனகராஜ் அவனுடைய கிளினிக்கில் ஒரு கட்டிலில் படுத்துக்கிடந்தார். மச்சினன் வலது முழங்காலை அழுத்தினான். ஜனகராஜ் "ஆ!" என்று அலறினார்.

"கட்டு இடது கால்ல இருக்கு சார்," என்றான் மச்சினன்.

"வலி... இங்கருந்து அங்க பரவிருச்சு."

மச்சினன் இரண்டு கால்களையும் மடக்கி நீட்டிப் பார்த்தான். கடைசியில் சிரித்தான். "ஒண்ணும் இல்ல சார். உக்காந்தே இருக்கிற ஒடம்பு. இதுக்கு ஒரே மருந்துதான், சைக்கிள். தெனமும் ஓட்டுங்க."

அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ஜனகராஜின் படம் சுற்றத் தொடங்கிவிட்டது. கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் படுத்திருக்கிறார். கீழே சாய்பிரசாத் எழுதியிருந்தார்: 'மூட்டு வலியையும் தூசியாக நினைத்துக் களம் இறங்கும் எங்கள் அணித் தலைவர்!'

நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அடுத்த வழியை ஜனகராஜ் இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தார். "எங்கிட்ட சைக்கிளே இல்லையேப்பா! பழைய சைக்கிளை எப்பவோ இரும்புக்குப் போட்டாச்சு. இனிமே புதுசு வாங்கி, அது கைக்குப் பழகி..."

"அம்புட்டுத்தானா?" என்றார் சாய்பிரசாத். மாலையில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசி, கியர் சைக்கிள் ஒன்றை இரவலாக வாங்கிக் கொண்டுவந்து ஜனகராஜ் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். வெட்டுக்கிளி மாதிரி இருந்தது அது. டயர் விரல் கனம். சீட் ஜனகராஜின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

அவர்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். லலிதாம்பாள் தமிழுக்கு மாறினால், விஷயம் தெருவுக்கும் கேட்க வேண்டும் என்று பொருள். சைக்கிளைப் பார்த்ததும் மாறினாள்.

"என்னங்க இது? ஒங்களுக்கு ஸ்கூட்டில பின்னால உக்காரவே ஒழுங்கா வராது. ஒவ்வொரு வளைவுலயும் என் தோளப் புடிச்சுப் பிச்சு எடுக்கறீங்க!"

"மெதுவாப் பேசு! யாருக்கும் தெரியாது."

"அப்ப இப்பவே போயி சொல்லிருங்க."

"எப்படிச் சொல்றது? முனியாயி வேற தெனமும் கேக்குறா. நீ மட்டும் வெளிய சொல்லிறாத."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றாள் லலிதாம்பாள். அந்த வெட்டுக்கிளியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, வீட்டில் பஞ்சும் மஞ்சள்தூளும் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம் எதுவும் ஊரில் இல்லை. பெரியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. விளாங்குடிப் பக்கம் ஒரு மைதானத்தில் சத்யப்ரியா என்ற பெண் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்குகிறாள் என்று கேள்விப்பட்டு, விடிந்தும் விடியாததுமாக ஜனகராஜ் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்.

"லேடீஸுக்கு மட்டுந்தான் சார்," என்றாள் சத்யப்ரியா.

"தெரியும்மா. ஆனா பேலன்ஸ் இல்லாதவங்களுக்கு மொதல்ல சைக்கிள் பழக்குறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா. யாருக்கு, ஒங்க வீட்டம்மாவுக்கா?"

ஜனகராஜ் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். சத்யப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டு, கூடை வைத்த ரோஸ் நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அங்கே வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவருடைய கடைக்கு வருகிறவர்கள்.

"அட, மேட்சிங் சென்டர் அண்ணன்! அண்ணே, போன வாரம் எடுத்த லைனிங் சாயம் போகுதுண்ணே."

"மாத்திக் குடுத்துறேம்மா. இங்க என்னைப் பாத்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டோம்ணே. கூட ஒரு மீட்டர் போட்டுக் குடுங்க."

அந்த வாரம் முழுக்க அவர் விழுந்தார். இடப்பக்கம் விழுந்தார், வலப்பக்கம் விழுந்தார், ஒருமுறை சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்தார். "கீழ பாக்காதீங்க, தூரத்துல பாருங்க!" என்று கத்துவாள் சத்யப்ரியா. தூரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதைப் பார்த்தபடியே போய் அதிலேயே மோதுவார். லலிதாம்பாள் சாயங்காலம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "இது வேம்பா, நேத்து மாதிரி தரையா?" என்று விசாரிப்பாள்.

அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நன்கொடை வரவில்லை.

"போற எடத்துலல்லாம் ஒரே கேள்விதான் மாப்ள," என்று டீக்கடையில் புலம்பினார் அருள்பாண்டி. "நீங்க சைக்கிள் ஓட்டுனா எங்களுக்கென்னங்கிறாங்க. ஒடம்பு எளைக்கிறது ஒங்களுக்கு, காசு மட்டும் நாங்களாங்கிறாங்க. இப்புடியே போனா நிப்பாட்டிற வேண்டியதுதான்."

ஜனகராஜ் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். நின்றுபோனால் நல்லது. ஆனால் நின்றுபோனால் வேன் கிடையாது. கடை வாசலில் முனியாயி மகளை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி கண்முன் வந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த நாள் காலை மைதானத்தில் அவர் ரோஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாப்ள? நீ இங்க என்ன பண்ற?"

அருள்பாண்டி! பைக்கை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனகராஜின் வாய் தானாகவே திறந்தது. "சும்மா... இவங்களுக்கெல்லாம் சைக்கிள் சொல்லிக்குடுக்க வந்தேன். ஒரு சேவைதான்."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சத்யப்ரியா வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அருள்பாண்டி அவருடைய முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். கூடைக்குள் கிடந்த வேப்பிலையைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு," என்றார். "எங்க வீட்டுலயும் ரொம்ப நாளாக் கத்துக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கா. நாளைக்கே அனுப்புறேன். நீயே பழக்கி விட்டுரு."

அன்று முழுவதும் ஜனகராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சொன்னபடி அருள்பாண்டியின் மனைவி பாண்டிமீனா வந்து நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சொல்லுங்கண்ணே, எப்புடி ஓட்டணும்?" என்றாள்.

ஜனகராஜ் சத்யப்ரியா தன்னிடம் கத்தியதையெல்லாம் வரிசையாக அப்படியே சொன்னார். "கீழ பாக்கக் கூடாதும்மா. தூரமாப் பாக்கணும். ஹேண்டிலை இறுக்கிப் புடிக்கக் கூடாது. மிதியை நிப்பாட்டக் கூடாது."

பாண்டிமீனா ஏறி உட்கார்ந்தாள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வேப்பமரத்தை வளைந்து, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இப்புடியாண்ணே?"

ஜனகராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சொல்லிக்கொடுக்கும் வித்தை தனக்கு இவ்வளவு இருக்கும் என்று அவருக்கே இதுவரை தெரியாது.

"திரும்புறதுதான்ணே சரியா வரல," என்றாள் அவள். "நீங்க ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க."

"எனக்கு முழங்கால்..."

"அட, அது தெரியும்ணே. பாரம் விழாம நான் பின்னால சீட்டைப் புடிச்சுக்கிறேன். நீங்க சும்மா கால மட்டும் சுத்துங்க."

மறுக்க வழியில்லை. அவர் ஏறினார். பாண்டிமீனா பின்னால் பிடித்தபடி ஓடி வந்தாள். வேண்டியதையும் வேண்டாததையும் பேசிக்கொண்டே வந்தாள். தக்காளி விலை, கொழுந்தன் கல்யாணம், பக்கத்து வீட்டு நாய். ஜனகராஜ் "ம்... ம்..." கொட்டியபடி மிதித்தார். நாய்க் கதை பாதியில் நின்றதே என்று திரும்பிப் பார்த்தால், அவள் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்! அது தெரிந்த உடனே விழுந்தார். ஆனால் அதற்கு முன்னால் ஓட்டியது ஓட்டியதுதான்.

அன்றிலிருந்து அவருக்குச் சைக்கிள் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. நேராகப் போக முடியும். இடப்பக்கம் திரும்ப முடியும். வலப்பக்கம் திரும்ப முடியாது. எதன்மேலாவது காலை ஊன்றினால்தான் ஏற முடியும். நிறுத்துவதற்குக் குதிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

கவலை பாதியாகக் குறைந்த அந்த வாரத்தில்தான் நன்கொடை கொட்டத் தொடங்கியது.

"மாப்ள, பரவை மார்க்கெட் மொத்தமும் பேர் குடுத்துருச்சு!" என்று குதித்துக்கொண்டு வந்தார் அருள்பாண்டி. "ஆரப்பாளையத்துல லாட்ஜ்காரங்க, பஸ் ஸ்டாண்டு பழக்கடை, வாடிப்பட்டில நெல்லு மண்டி... வேன் வந்த மாதிரிதான்!"

"எப்புடிப்பா திடீர்னு?"

"ஒன் பேரைச் சொன்னேன். எங்க தலைவரு ஜனகராஜு சைக்கிள்ல வாராருன்னு சொன்னேன். அம்புட்டுத்தான்."

ஜனகராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேட்சிங் சென்டர் வைத்திருக்கிற ஒரு மனிதனுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா?

"ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டுருக்காங்க," என்றார் பின்னாலேயே வந்த சாய்பிரசாத். "நாங்க ரெண்டு பேரும் வந்தாலும் வராட்டியும் கவலை இல்லையாம். தலைவரு வாடிப்பட்டி வந்து சேரணும். ஓட்டிக்கிட்டு வரணும். வேன்ல ஏறுனா செல்லாது. தள்ளிக்கிட்டு வந்தாலும் செல்லாது. அப்பத்தான் பணமாம்."

சிலிர்ப்பு அப்படியே காய்ச்சலாக மாறியது.

"நான் மட்டுமா? ஏன் நான் மட்டும்?"

"தலைவர்ல!"

அன்றிலிருந்து ஜனகராஜ் தூக்கத்தில் காலை உதைத்தார். லலிதாம்பாள் தலையணையை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தாள். கடையில் அவர் சிவப்பு ஜாக்கெட்டுக்குப் பச்சை லைனிங் வெட்டிக் கொடுத்தார். கடைசி முயற்சியாக, "அந்த வெட்டுக்கிளி எனக்கு ஒத்துவராது, வேற நல்ல சைக்கிள் கெடச்சாத்தான்" என்று சொல்லிப் பார்த்தார். மறுநாளே பாண்டிமீனா கூடை வைத்த ரோஸ் நிற சைக்கிளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டாள். "சத்யப்ரியா குடுத்து விட்டுச்சுண்ணே. இது ஒங்களுக்குப் பழகுனதுதானே, அதான்... சொல்லிக் குடுத்துப் பழகுனது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ஜனகராஜ் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, தலைவருக்குரிய கம்பீரத்தோடு நிற்பது போல நின்று, பேண்டு முழங்கிய சமயம் பார்த்துத் தள்ளி விட்டுக்கொண்டார். சைக்கிள் நெளிந்தது, வளைந்தது, பிறகு நேரானது. கூட்டம் விசில் அடித்தது.

சாய்பிரசாத்தும் அருள்பாண்டியும் முன்னால் போய்விட்டார்கள். வழி நெடுக ஆட்கள் நின்றார்கள். கடை வாசலில், மாடியில், பஸ் நிறுத்தத்தில். "பாத்து தலைவரே! பாத்து!" "விழுந்துறாதீங்கண்ணே!" எவ்வளவு பாசம் என்று நினைத்தார் ஜனகராஜ். கையசைக்க ஆசைதான். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தால் கதை முடிந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினார். அதற்கே சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது.

விளாங்குடியில் சிவப்பு விளக்கு. அவருக்கு நிற்கத் தெரியாது. "வழி விடுங்க! தலைவரு வாராரு!" என்று யாரோ கத்த, குறுக்கே போன வண்டிகளெல்லாம் நின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார்.

பரவையில் வினை வந்தது. மார்க்கெட்டுக்குள் போகவிருந்த மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. வலப்பக்கம் திரும்பினால் தப்பிக்கலாம். அவருக்குத்தான் வலப்பக்கமே கிடையாதே! இடப்பக்கம் திரும்பினார். அங்கே கத்தரிக்காய் குவித்து வைத்திருந்தார்கள். சைக்கிளோடு அதற்குள் போய்ப் படுத்தார்.

கத்தரிக்காய்க்குச் சொந்தக்காரி மாயக்காள், மார்க்கெட்டையே அதட்டி வைத்திருக்கும் வியாபாரி. அவள் எழுந்து வருவதைப் பார்த்து ஜனகராஜ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

"ஆத்தா, நசுங்குனதுக்கெல்லாம் நான்..."

"கத்திரிக்கா கெடக்கட்டும்! எந்திரி தம்பி, எந்திரி. கைகால்ல ஒண்ணும் இல்லைல? இங்கயே படுத்துறாத. வாடிப்பட்டி போகணும்!"

அவளும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி, தூசி தட்டி, சீட்டில் உட்கார வைத்துத் தள்ளி விட்டார்கள். "நேரா போ! கீழ பாக்காத!" என்று பின்னாலிருந்து கேட்டது. சத்யப்ரியா சொல்வது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

சமயநல்லூரைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. தொடை இரண்டும் தனித்தனியே அழுதன. தண்ணீர் பாட்டில் முன்கூடையில்தான் இருந்தது. எடுக்க முடியவில்லை. தனிச்சியத்துக்கு முன்னால் ஒரு பாலத்தில் மேடு. சைக்கிள் மூச்சு வாங்கி, நின்று, சாய்ந்தது. இவரும் சாய்ந்தார்.

சாலையோரம் உட்கார்ந்தார். முன்னேயும் பின்னேயும் ஆள் இல்லை. ஒரு மினி லாரி வந்து நின்றது. "தலைவரே! நான் சிவனாண்டி. பரவைக்குக் காய் ஏத்துற வண்டி. வேணும்னா பின்னால ஏறிக்கிறீங்களா? ஊருக்கு முன்னால எறக்கி விட்டுறேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

ஜனகராஜ் லாரியைப் பார்த்தார். நிழல். தார்ப்பாய். படுத்துக்கொள்ள இடம். ஏறியிருப்பார். அப்போது வாடிப்பட்டி பஸ் ஒன்று அவரைக் கடந்து போனது. அதன் ஜன்னலில் முனியாயி இருந்தாள். மடியில் முத்துமீனா. விழாவுக்குப் போகிறார்கள். முத்துமீனா வெளியே தலையை நீட்டி, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை.

"நீங்க போங்க தம்பி," என்றார் ஜனகராஜ். "அந்த மைல்கல்லுகிட்ட மட்டும் சைக்கிளைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. நான் ஏறணும்."

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். நிறுத்தத் தெரியாமல் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி, இடப்பக்கமாகவே இன்னொரு சுற்றும் சுற்றி, மூன்றாவது சுற்றில் அருள்பாண்டியும் சாய்பிரசாத்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினார்கள். அருள்பாண்டிக்குக் கண் கலங்கியிருந்தது. "வந்துட்டியே மாப்ள! வந்துட்டியே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். மஞ்சள் சட்டை முழுக்கக் கத்தரிக்காய்க் கறை. சக்கர நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் கையைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். முனியாயி ஒரு ஓரத்தில் நின்று அழுதாள்.

மாலை போட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். ஜனகராஜுக்கு இப்போது பயம் போய்விட்டது. எல்லாம் முடிந்தது. வேன் வந்துவிடும். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த நிம்மதியில் அவருக்கு வாய் கொஞ்சம் நீண்டது.

"காலேஜ் படிக்கையில தெனமும் அழகர்கோவிலுக்குச் சைக்கிள்லயே போய்ட்டு வந்த ஒடம்பு இது. அந்தப் பழக்கம் விட்டுப் போகலை. வழியில ஒரு எடத்துல சும்மா எளைப்பாற உக்காந்தேன், அம்புட்டுத்தான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முன்வரிசையில் லலிதாம்பாள் மட்டும் தலையில் கைவைத்துக் குனிந்திருந்தாள். பக்கத்தில் பாண்டிமீனா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேடையை விட்டு இறங்கியதும், பஸ் பிடித்து வந்திருந்த மாயக்காள் மார்க்கெட் பணத்தை மஞ்சள் பையோடு அவர் கையில் திணித்தாள். ஜனகராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஆத்தா, ஒங்க மார்க்கெட்ல நான் ஒருத்தரையும் முன்னப்பின்னப் பாத்ததில்லை. என் மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா?" என்றாள் மாயக்காள். "ஓட்டத் தெரிஞ்சவன் வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டுறதுக்கு எவன் காசு குடுப்பான்? தலைவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுன்னு அருள்பாண்டி வந்து சொன்ன பெறகுதானே தம்பி மார்க்கெட்டே பேர் குடுத்துச்சு!"